மேல்மலையனூர் முதல் அரியாங்குப்பம் வரை: கழிமுக உவர்நீரைக் கணித்த வரலாறு

கடலும் ஆறும் கலக்கும் கழிமுகத்தில் உப்புநீர் எவ்வளவு தொலைவு உள்ளே ஏறும், எப்போது பின்வாங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் கணக்குமுறைகள் உவர்நீர் ஊடுருவல் மாதிரிகள் எனப்படுகின்றன. ஏறத்தாழ நூறாண்டு வரலாறு கொண்ட இத்துறை நீரியல், கடலியல், பொறியியல் மூன்றும் சந்திக்கும் இடத்தில் வளர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்தின் மேல்மலையனூர், செஞ்சி வட்டாரங்களில் நீர் திரட்டி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேரும் சங்கராபரணி ஆற்றை முன்வைத்து அவ்வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

மழைக்காலம்தோறும் தமிழ்நாட்டில் கேட்கும் ஒரு சொற்றொடர் உண்டு: ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்பது. கழிமுக மாதிரிகளின் வரலாறு அந்த 'வீண்' என்ற சொல்லைச் சோதித்துப் பார்த்த வரலாறு எனலாம். கடலை அடையும் நன்னீர் அங்கே ஒரு வேலையைச் செய்கிறது. அது உப்பைத் தள்ளி நிறுத்துகிறது. அந்த வேலைக்கு எவ்வளவு நீர் வேண்டும், எப்போது வேண்டும் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

ஆறும் அதன் முகமும்

சங்கராபரணி ஆறு வராக நதி, செஞ்சி ஆறு என்ற பெயர்களாலும் அறியப்படுகிறது. மேல்மலையனூர், செஞ்சிப் பகுதிகளின் குன்றுகளிலும் ஏரிகளிலும் திரளும் நீர் தென்கிழக்காக ஓடுகிறது. வீடூரில் தொண்டி ஆறு இதனுடன் சேர்கிறது. அங்கே 1950களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணையின் உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கனஅடி. அதன் பாசனம் தமிழ்நாட்டு நிலங்களுக்கும் புதுச்சேரி நிலங்களுக்கும் பங்கிடப்படுகிறது. அணைக்குக் கீழே ஆறு திருவக்கரையைக் கடந்து புதுச்சேரிப் பகுதிக்குள் நுழைகிறது. சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதன் நீரில் ஒரு பகுதி ஊசுட்டேரிக்குச் செல்கிறது. வில்லியனூர், திருக்காஞ்சி ஆகிய ஊர்களைத் தாண்டியபின் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடகிளை அரியாங்குப்பம் ஆறு, தென்கிளை சுண்ணாம்பாறு. இரண்டும் தனித்தனி முகத்துவாரங்கள் வழியாக வங்கக் கடலை அடைகின்றன.

இப்பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. எனவே ஆறு சில வாரங்கள் பெருக்கெடுக்கும். பல மாதங்கள் மணலாகக் கிடக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனம் அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. இந்தத் தாறுமாறான வரத்து கழிமுகக் கணக்கில் ஒரு பெரிய சிக்கலாக அமைகிறது.

ஓதம் இக்கரையில் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். அடுத்தடுத்த ஏற்றங்களுக்கு இடைவெளி சுமார் 12 மணி 25 நிமிடம். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள உயர வேறுபாடு பெரிதல்ல. ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அது கூடுகிறது, இடைப்பட்ட நாட்களில் குறைகிறது. மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயிலில் அமாவாசை இரவுதோறும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. அதே நாட்களில், எழுபது கிலோமீட்டருக்கு அப்பால், ஆற்றின் முகத்தில் கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறிக்கொண்டிருக்கும்.

மாதிரிக்கு முந்தைய அறிவு

ஓதத்தை நிலவோடு இணைத்துப் பார்க்கும் அறிவு நெய்தல் நிலத்து மக்களுக்குப் பழையது. பௌர்ணமியை வெள்ளுவா என்றும் அமாவாசையை காருவா என்றும் பழந்தமிழ் குறிக்கிறது. மீன்பிடிப்பவர்களுக்கும் உப்பு விளைவிப்பவர்களுக்கும் இந்த நாட்கணக்கு தொழிலின் ஒரு பகுதி. அளத்துக்குள் உவர்நீரை எப்போது விடுவது, மதகை எப்போது அடைப்பது என்பது நிலவையும் மழையையும் பார்த்து எடுக்கும் முடிவு.

திண்டிவனம் பகுதி சங்க காலத்தில் ஓய்மாநாடு எனப்பட்டது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடன் இந்நாட்டை ஆண்டவன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அவனது ஊர். அந்நூல் சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணத்துடன் ஆய்வாளர்கள் பொருத்துகின்றனர். மரக்காணத்தில் இன்றும் பரந்த உப்பளங்கள் உள்ளன. அதை அடுத்த கழுவெளி, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலோடு தொடர்புடைய உவர்நீர் ஏரி.

அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ள அரிக்கமேடு இக்கழிமுகத்தின் பழமைக்கு மற்றொரு சான்று. 1945இல் மார்டிமர் வீலரும், அதைத் தொடர்ந்து 1947 முதல் ஜான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கே அகழாய்வு செய்தனர். ரோமானிய உலகுடன் வணிகம் செய்த துறைமுகமாக அது அடையாளம் காணப்பட்டது. கடலின் அலைக்கு ஒதுங்கி, ஓதத்தின் ஏற்றத்தைப் பயன்படுத்திக் கலங்கள் உள்ளே வரக்கூடிய இடம் அது. அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகள் என வீலர் கருதினார். சாயம் தோய்க்க நன்னீர் வேண்டும். கலத்துக்கு உவர்நீரும் தொழிலுக்கு நன்னீரும் ஒரே இடத்தில் வேண்டியிருப்பது கழிமுகத்து ஊர்களின் நிரந்தர நிலை.

இந்த அறிவு துல்லியமானது, ஆனால் இடத்துக்கு உரியது. மேலே ஓர் அணை கட்டப்பட்டால், முகத்துவாரம் தூர்வாரப்பட்டால், அடுத்த ஆண்டு உப்பு எங்கே நிற்கும் என்று அதனால் சொல்ல இயலாது. அந்தத் தேவை எழுந்தபோது மாதிரிகள் பிறந்தன.

ஆண்டியாக் வழக்கு

தேவை முதலில் கூர்மையாக எழுந்த இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ–சான் வாக்கீன் ஆற்று முகம். அங்கே க்ரோக்கெட் என்ற ஊரில் இருந்த சர்க்கரை ஆலைக்கு உப்பற்ற நீர் தேவைப்பட்டது. 1908 முதல் அதன் தோணிகள் ஆற்றில் மேல்நோக்கிச் சென்று, நீர் போதிய அளவு நன்னீராக இருக்கும் இடத்தில் நிரப்பிக்கொண்டு திரும்பின. ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதை ஆலை குறித்து வைத்தது. கணக்குப்பிள்ளையின் செலவுக் குறிப்பு, பின்னாளில் உவர்ப்பு எல்லை எப்படி நகர்ந்தது என்பதற்கான நீண்டகால ஆவணமாகியது.

மேலே நெல் வயல்கள் பெருகின. கோடையில் ஆற்றுநீர் குறைந்தது. ஆண்டியாக் என்ற கழிமுக ஊரின் குடிநீர் எடுப்பிடத்துக்கு உப்பு வந்து சேர்ந்தது. 1920இல் அவ்வூர் மேலேயுள்ள பாசனக்காரர்கள் மீது வழக்குத் தொடுத்தது. 1922இல் மாநில உச்ச நீதிமன்றம் ஊருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஊர் எடுக்கும் நீர் சிறிது. அந்தச் சிறிய நீர் இனிப்பாக இருக்க, உப்பைத் தள்ளுவதற்கென்று ஆற்றில் விட வேண்டிய நீர் மிகப் பெரிது. அது நியாயமான பயன்பாடு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஊர் தோற்றது, ஆனால் கேள்வி நிலைத்தது. உப்பைத் தள்ள உண்மையில் எவ்வளவு நீர் வேண்டும்? மாநில அரசு 1920களில் கழிமுகம் முழுவதும் நீரெடுத்துச் சோதித்து 1931இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. நன்னீர் வரத்துக்கும் உப்பின் எல்லைக்கும் இடையிலான உறவு அளவிடப்பட்ட எண்ணாக மாறியது. 1945இல் முடிந்த ஷாஸ்டா அணையின் நோக்கங்களில் கழிமுகத்து உப்பைத் தள்ளுவதும் ஒன்றாக இருந்தது. 'வீண்' என்று நீதிமன்றம் கருதிய நீருக்கு அணையின் திட்டத்தில் இடம் கிடைத்தது.

தொட்டிகளும் சிறிய விரிகுடாவும்

கள அளவீட்டுடன் ஆய்வுக்கூடச் சோதனையும் தொடங்கியது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட சுமார் இரண்டரை விழுக்காடு அதிகம். ஒரு நீண்ட தொட்டியின் நடுவே பலகை வைத்து, ஒருபுறம் உப்புநீரும் மறுபுறம் நன்னீரும் ஊற்றிப் பலகையை எடுத்தால் உப்புநீர் அடியில் நாக்குப்போல முன்னேறும். நன்னீர் அதன்மேல் எதிர்த்திசையில் வழியும். 1934இல் ஓ'பிரையன், செர்னோ இருவரும் இந்த நகர்வின் விதியை வெளியிட்டனர். பூட்டுக்கதவு வைத்த கப்பல் கால்வாய்களில் உப்பு புகுவதைக் கணிக்க இது உடனே பயன்பட்டது. ஆற்றின் அடியில் ஆப்புப்போல நுழையும் உப்புநீர் என்ற சித்திரமும் இதிலிருந்து தெளிவு பெற்றது.

அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை விக்ஸ்பர்கில் நீண்ட ஓதத் தொட்டிகளை அமைத்துச் சோதித்தது. 1957இல் சாசலிட்டோவில் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடா முழுவதும் காங்கிரீட்டில் சிறிதாகக் கட்டப்பட்டது. கிடைநீளத்தில் ஆயிரத்தில் ஒன்று, ஆழத்தில் நூற்றில் ஒன்று என்ற விகிதம். பரப்பு ஒன்றரை ஏக்கர். ஜான் ரெபர் என்ற நாடகத் தயாரிப்பாளர் விரிகுடாவின் குறுக்கே பெரும் தடுப்பணைகள் கட்டி நன்னீர் ஏரிகள் உருவாக்கலாம் என்று பல ஆண்டுகளாகப் பரப்புரை செய்துவந்தார். அதற்கு மக்கள் ஆதரவும் இருந்தது. மாதிரியில் அத்தடுப்புகளை வைத்து நீரை ஓடவிட்டுப் பார்த்தபோது திட்டம் எதிர்பார்த்த பலனைத் தராது என்று தெரிந்தது, அது கைவிடப்பட்டது. கட்டுவதற்கு முன் சோதித்ததால் தவிர்க்கப்பட்ட தவறு என்ற வகையில் இது இத்துறையில் அடிக்கடி நினைவுகூரப்படும் நிகழ்வு.

சமன்பாடுகளின் காலம்

1950களில் கழிமுகம் கணிதத்துக்குள் வந்தது. 1951இல் பாஸ்ட்விக் கெச்சம், ஒரு கழிமுகத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஓதத்திலும் எவ்வளவு நீர் மாற்றிக்கொள்ளப்படுகிறது என்று கணக்கிடும் முறையைத் தந்தார். 1953இல் ஹென்றி ஸ்டொம்மல், ஆற்றின் நீளவாக்கில் கரைபொருள் பரவுவதைப் படிப்படியாகக் கணக்கிடும் வழியைக் காட்டினார்.

டொனால்ட் பிரிச்சர்ட் விர்ஜினியாவின் ஜேம்ஸ் ஆற்றில் செய்த ஆய்வு சிப்பிப் படுகைகளோடு தொடர்புடையது. மிதக்கும் சிப்பிக் குஞ்சுகள் கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் ஆற்றில் மேல்நோக்கி எப்படிச் சேர்கின்றன என்பது புதிராக இருந்தது. பல ஓதங்களின் சராசரியை எடுத்துப் பார்த்தபோது, மேற்பரப்பு நீர் கடலை நோக்கியும் அடிநீர் நிலத்தை நோக்கியும் நகர்வதை அவர் கண்டார். ஓதம் முன்னும் பின்னும் ஆட்டுவதற்கு அடியில் இந்த மெதுவான சுழற்சி ஓயாமல் நடக்கிறது. கழிமுகங்களை அடுக்குற்றவை, பகுதி கலந்தவை, முழுதும் கலந்தவை என வகைப்படுத்தும் முறை இவரது ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் ஹான்சன், ராட்ரே இருவரும் இந்தச் சுழற்சிக்குக் கணித வடிவம் தந்தனர்.

1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இப்பென், ஹார்ல்மன் இருவரும் விக்ஸ்பர்க் தொட்டி அளவீடுகளைக் கொண்டு ஒற்றைப் பரிமாண மாதிரியை அமைத்தனர். அதன் மையக் கருத்து எளிது. ஆற்றின் வரத்து உப்பை வெளியே தள்ளுகிறது. ஓதத்தின் கலக்கலும் அடர்த்தி வேறுபாடும் உப்பை உள்ளே பரப்புகின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் உப்பு நிற்கிறது. பின்வந்த பெரும்பாலான ஒற்றைப் பரிமாண மாதிரிகள் இந்தச் சமநிலையின் விரிவாக்கங்களே.

ஆற்றின் நினைவு

மேற்கண்ட சமன்பாடுகள் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகளைப் பார்த்து எழுதப்பட்டவை. வரத்து நின்றுவிட்டால் அவற்றின் சமநிலைக்குப் பொருளில்லை; தள்ளுவதற்கு எதுவுமில்லாதபோது உப்பு ஓதம் எட்டும் எல்லை வரை போய்க்கொண்டே இருக்கும். வெப்ப நாடுகளின் கழிமுகங்களுக்கு வேறு அணுகுமுறை தேவைப்பட்டது.

நெதர்லாந்தின் வான் டெர் பர்க் 1972இல் அளவீடுகளிலிருந்து ஒரு விதியைப் பெற்றார். மேலே செல்லச் செல்ல உப்பைப் பரப்பும் ஆற்றல் எவ்வாறு குறைகிறது என்பதை ஆற்றின் வரத்தோடு அது இணைத்தது. மொசாம்பிக்கில் நீரியலாளராகப் பணியாற்றிய ஹூபெர்ட் சாவெனியே அவ்விதியை எடுத்து, வண்டல் கழிமுகங்கள் கடலிலிருந்து உள்நோக்கிப் புனல்போல் சீராகக் குறுகுகின்றன என்ற கவனிப்புடன் சேர்த்தார். வடிவமும் ஓதமும் வரத்தும் தெரிந்தால், குறைந்த கருவிகளோடு, ஒரு படகும் உவர்ப்புமானியும் கொண்டு எந்தக் கழிமுகத்தையும் அளந்து கணிக்கலாம் என்பது அவரது முறையின் சிறப்பு.

செனகல் நாட்டின் சலூம், காசமான்ஸ் கழிமுகங்கள் மற்றொரு பாடத்தைத் தந்தன. 1970களில் தொடங்கிய சாகேல் வறட்சியில் நன்னீர் வரத்து அற்றுப்போனது. ஆவியாதல் நீரை எடுத்தது. அந்த இடத்தை நிரப்பக் கடல்நீர் உள்ளே வந்தது. உப்பு மட்டும் தங்கியது. ஆற்றின் மேற்பகுதி கடலைவிட உப்பாக மாறியது. நீரோட்டம் இல்லாத கழிமுகம் ஓர் உப்பளமாக இயங்கத் தொடங்கும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

1993இல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் டெண்டன் ஒரு சிக்கனமான கருத்தை முன்வைத்தார். இன்று கழிமுகத்தில் உள்ள உப்பை இன்றைய வரத்து மட்டும் முடிவு செய்வதில்லை. கடந்த வாரங்களின் வரத்தும் முடிவு செய்கிறது. பழைய வரத்தின் தாக்கம் நாளாக நாளாகத் தேய்கிறது. அந்தத் தேய்ந்த நினைவை ஒரே எண்ணாகக் கணக்கிட்டு, அதிலிருந்து உவர்ப்பைப் பெறலாம். பருவமழையில் மட்டும் ஓடும் தமிழக ஆறுகளுக்கு, நிலையான வரத்தைக் கொண்ட சூத்திரங்களைவிட இந்த நினைவுக் கணக்கு நெருக்கமானது.

சங்கராபரணிக்கு ஒரு கணக்கு

மேற்கண்ட கருத்துகளை ஓர் எளிய கற்பனைக் கால்வாயில் பொருத்திப் பார்க்கலாம். பின்வருபவை அரியாங்குப்பத்தில் அளந்த எண்கள் அல்ல. அளவின் தரத்தை உணர்த்த எடுத்துக்கொண்டவை. கால்வாயின் நீளம் 10 கி.மீ., அகலம் 100 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்று கொள்வோம். அதில் அடங்கும் நீர் 20 இலட்சம் கனமீட்டர், அதாவது சுமார் 70 மில்லியன் கனஅடி. உப்பைப் பரப்பும் ஓதத்தின் ஆற்றல் நொடிக்கு 50 சதுரமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வெள்ளம். நொடிக்கு 50 கனமீட்டர், அதாவது சுமார் 1,770 கனஅடி நீர் வந்தால் கால்வாயின் மொத்தக் கொள்ளளவும் 11 மணி நேரத்தில் புதிதாகிவிடும். நடுத்தரமான ஒரு வெள்ளமே ஒரு பகலில் உப்பை முகத்துவாரத்துக்கு வெளியே தள்ளிவிடும்.

அடுத்து வெள்ளம் நின்ற பின். ஓதம் உப்பை மீண்டும் 10 கி.மீ. உள்ளே கொண்டுவர எடுக்கும் காலம், நீளத்தின் வர்க்கத்தைப் பரவல் ஆற்றலால் வகுத்தால் கிடைக்கும். அது சுமார் 20 இலட்சம் நொடிகள், அதாவது 23 நாட்கள். ஒரு நாளில் ஆறு வென்றதை மூன்று வாரத்தில் கடல் மீட்டுக்கொள்கிறது. டிசம்பரில் எவ்வளவு பெரிய வெள்ளம் வந்தாலும் சித்திரையில் அதன் பலன் கழிமுகத்து நீரில் இருக்காது.

மூன்றாவதாக, கோடையிலும் உப்பை ஓரளவு தடுத்து நிறுத்த வேண்டும் என்றால் என்ன ஆகும்? மூன்று கி.மீ.க்கு ஒருமுறை உவர்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்று கொள்வோம். முகத்தில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருந்தால் மூன்றாம் கி.மீ.யில் 13, ஆறாம் கி.மீ.யில் 5, ஒன்பதாம் கி.மீ.யில் 2 கிராமுக்கும் கீழே. இதற்கு இடைவிடாமல் நொடிக்கு 118 கனஅடி நீர் வர வேண்டும். சிறிய எண் போலத் தெரியும். எட்டு மாத வறட்சிக்கு, 240 நாட்களுக்கு, பெருக்கினால் 2,400 மில்லியன் கனஅடிக்கு மேல் வருகிறது. வீடூர் அணையின் முழுக் கொள்ளளவைப்போல் அது நான்கு மடங்கு.

இந்த மூன்று விடைகளும் சேர்ந்து 'வீண்' என்ற சொல்லின் இருபுறத்தையும் காட்டுகின்றன. கடலுக்குப் போகும் வெள்ளம் வேலை செய்யாத நீர் அல்ல. ஆனால் அந்த வேலையை ஆண்டு முழுவதும் செய்விக்க அணைநீரைக் கேட்பது மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் வயல்களைக் காயவிடுவதற்குச் சமம். ஆண்டியாக் நீதிபதிகள் தயங்கிய இடமும் இதுதான். மாதிரி 'திறந்துவிடு' என்றோ 'தேக்கு' என்றோ சொல்வதில்லை. எந்த வாரத்தில், எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்ற கேள்விக்கு விலை எழுதித் தருகிறது.

தடுப்பணை என்னும் விடை

நீரால் தள்ள முடியாதபோது சுவரால் தடுப்பது அடுத்த வழி. கேரளத்தில் குட்டநாட்டு நெல்வயல்களைக் காக்க வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பு 1970களின் நடுவில் பயன்பாட்டுக்கு வந்தது. கோடை மாதங்களில் அதன் கதவுகள் மூடப்பட்டன. உப்பு நின்றது, பயிர் பிழைத்தது. ஆனால் உவர்நீரில் மடியும் ஆகாயத்தாமரை காயலெங்கும் பரவியது. முட்டையிட உவர்நீரைத் தேடிச் செல்லும் ஆற்றிறாலின் வழி அடைபட்டது. உழவருக்குச் சாதகமான கதவு மீனவருக்குப் பாதகமானது. கதவை எப்போது திறப்பது என்பது இன்றுவரை அங்கே தீராத வாதம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை. நிலத்தடி நன்னீரே வாழ்வாதாரம். அங்குள்ள கடல்நீரேரிகளை மழைநீர் ஏரிகளாக மாற்றும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. 1950களில் தொண்டைமானாற்றில் தடுப்பணை அமைந்தது. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அறியப்பட்ட திட்டத்தை முன்வைத்தார். கடல்நீரைத் தடுத்து, ஆண்டுதோறும் மழைநீரால் உப்பைக் கழுவி, இறுதியில் கிணறுகளை இனிப்பாக்குவது அதன் நோக்கம். திட்டம் முழுமையடையவில்லை.

விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளியிலும் இதே முரண் நிலவுகிறது. வண்டிப்பாளையம் அருகே கடல்நீரையும் நன்னீரையும் பிரிக்கக் கட்டிய தடுப்பு சிதைந்தபின் உவர்நீர் ஏரிப்பக்கம் பரவுவது உழவர்களின் நெடுநாள் முறையீடு. மறுபுறம், நன்னீரும் உவர்நீரும் மாறிமாறி வருவதால் செழித்த நீர்நிலை என்பதாலேயே கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உவர்நீரை முற்றிலும் விலக்கினால் அந்தச் செழிப்பு மாறும். எவ்வளவு உப்பு, எத்தனை மாதம் என்பதைக் கணக்கிடாமல் இங்கே நல்ல முடிவு எடுக்க இயலாது.

ஆழமும் முகமும்

வரத்தும் ஓதமும் மாறாவிட்டாலும் கால்வாயின் வடிவம் மாறினால் உப்பு மாறும். முகத்துவாரத்தில் இயல்பாக உருவாகும் மணல்திட்டு கோடையில் ஓதத்தின் வேகத்தைக் குறைக்கும். அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அவை வடக்கே புதுச்சேரிக் கடற்கரையின் மணலைக் குறைத்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. படகுகளுக்காகத் தூர்வாரித் திறந்து வைக்கப்படும் முகம் கடலுக்கும் திறந்த முகமே என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

மணல் அள்ளுவதும் இதே விளைவைத் தருகிறது. ஆழம் கூடினால் ஓதம் எளிதாக உள்ளே ஓடும். கனமான உப்புநீர் அடியில் வழிந்து செல்ல இடமும் கிடைக்கும். வியட்நாமின் மேகாங் முகத்தில் கடல்மட்ட உயர்வைவிட ஆற்றுப்படுகை தாழ்ந்ததே அண்மைக் கால உவர்ப்பு ஏற்றத்துக்கு முதன்மைக் காரணம் என்று மாதிரிகள் காட்டின. மணல் அள்ளுவதும் மேலணைகளில் வண்டல் தங்குவதும் அப்படுகையைத் தாழ்த்தின.

ஆற்றில் ஏறும் உப்பு கரையோடு நிற்பதுமில்லை. கடற்கரை மண்ணில் நன்னீர் உப்புநீர்மேல் மிதக்கிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் அது கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட விதி இது. ஆழ்துளைக் கிணறுகள் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் உப்பு 40 மீட்டர் ஏற இடம் கிடைக்கிறது. புதுச்சேரிக் கடலோரக் கிணறுகளின் உவர்ப்புக்கு இதுவே அடிப்படை. மேலே ஏரிகள் நிறைந்து ஆற்றுமணலில் நீர் ஊறினால் இந்தக் கணக்கு மெல்ல எதிர்த்திசையில் நகரும். வெள்ளம் ஆற்றில் விட்டுச்செல்லும் மூன்று வார நினைவைவிட, மண்ணுக்குள் ஊறும் நீரின் நினைவு நீண்டது.

மதிப்பீடு

இன்று கணினிகளில் முப்பரிமாண மாதிரிகள் கழிமுகத்தின் ஒவ்வொரு மணி நேரத்தையும் வரைந்து காட்டுகின்றன. 1916இல் தொடங்கிய புனே மத்திய நீர் மற்றும் மின்னாற்றல் ஆராய்ச்சி நிலையம், சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்களும் கடலோர மாதிரிகளில் பணியாற்றுகின்றன. வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாகத் திரட்டிவரும் அவதானிப்புகள் தமிழகக் கழிமுகங்களின் பருவகால உவர்ப்பை அறிய உதவுபவை.

ஆயினும் மாதிரியின் தரம் அதற்குத் தரப்படும் அளவீட்டின் தரம்தான். நூறாண்டு முந்தைய க்ரோக்கெட் ஆலை செய்தது பெரிய காரியமல்ல. நீர் எங்கே இனிக்கிறது என்பதை நாள் தவறாமல் ஒரு ஏட்டில் எழுதியது. பின்னாளில் வந்த சமன்பாடுகளைச் சரிபார்க்க அந்த ஏடு பயன்பட்டது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் திருக்காஞ்சிப் படித்துறையிலும் அரியாங்குப்பம் பாலத்தடியிலும் ஒரு குடம் நீரின் உவர்ப்பை அளந்து எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் சங்கராபரணிக்கும் அத்தகைய ஏடு உருவாகும்.

கழிமுக உவர்நீரைக் கணித்த வரலாறு கடலைப் பற்றிய வரலாறாகத் தொடங்கி, ஆற்றின் மேற்பகுதியைப் பற்றிய வரலாறாக முடிந்தது. ஓதம் நிலவின் கணக்கில் தவறாமல் வரும். அதை மாற்ற வழியில்லை. மாற்றக்கூடியவை ஆற்றில் விடும் நீர், படுகையின் ஆழம், முகத்தின் அகலம், ஏரிகளின் நிறைவு ஆகியவை மட்டுமே. மேல்மலையனூர் ஏரிக்கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தெரியாது. ஆனால் அங்கே நிறையும் நீரும் வழியும் நீரும் கழிமுகத்தின் கணக்கில் வரவாகவோ செலவாகவோ எழுதப்படுகின்றன.